தொலைமருத்துவமும் உழைச்செல்வானும்

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் ‘மருந்து’. அதன் இறுதிக் குறள் நூல் வரிசையில் 950ஆவது. மருத்துவம் நான்கு கூறுகளை உடையது என்று வள்ளுவர் அங்கே வகுத்துரைக்கிறார். நோயுற்றவன் ஒருவன், நோயைத் தீர்க்கும் மருத்துவன் ஒருவன், மருந்து ஒன்று, நோயாளியின் அருகிலிருந்து அம்மருந்தைப் பிழையின்றிக் கொடுத்துப் பேணுபவன் ஒருவன். இந்நான்காமவனை ‘உழைச்செல்வான்’ என்னும் சொல்லால் அவர் குறிக்கிறார். ‘உழை’ என்பதற்குப் பக்கம் என்பது பொருள். பக்கத்தில் நின்று தொண்டாற்றுபவன் எவனோ, அவனே உழைச்செல்வான்.

ஏறத்தாழ 18 ஆண்டுகளாக இக்குறளை வகுப்பறையில் நடத்தி வருகிறேன். ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்காகக் குறளின் உரைவேறுபாடுகளை ஆராய்ந்தபோது, இச்சொல்லுக்கு அடிக்கோடிட்டுப் பக்க ஓரத்தில் குறிப்பும் எழுதியிருக்கிறேன். ‘மருந்தின் நாற்கூறுகள் யாவை?’ என்று வினாத்தாளில் கேட்டு, நான்கையும் எழுதிய மாணவர்க்கு முழு மதிப்பெண்ணும் வழங்கியிருக்கிறேன். ஆயினும் அந்நான்காம் கூற்றின் பொருள் எனக்கு விளங்கியது 2020ஆம் ஆண்டில்தான். அதனை எனக்கு விளக்கியது எந்த உரையாசிரியரும் அல்லர். என் தாயார் இழந்த கால்விரல் ஒன்று.

அச்செய்தியைச் சொல்வதற்கு முன், தொலைமருத்துவம் என்னும் துறையை நான் முதன்முதலில் கேள்வியுற்ற விதத்தைச் சொல்லவேண்டும்.

வாப்பா சொன்ன கப்பல் கதை

தொலைமருத்துவம் என்றவுடன் பலர் மனத்திலும் கணினியும் கைப்பேசியும் தோன்றும். என் மனத்தில் தோன்றுவது கடல். என் வாப்பா சரக்குக் கப்பலில் பண்டாரியாக, அதாவது சமையற்காரராக, 22 ஆண்டுகள் பணியாற்றியவர். எங்கள் ஊர் இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரைச் சிற்றூர்களுள் ஒன்று. வெளிநாட்டுப் பயணத்தைச் ‘சபர்’ என்போம். ஒவ்வொரு சபரும் முடிந்து வீடு திரும்பியபின், மஃரிபுத் தொழுகைக்கும் இரவு உணவுக்கும் இடைப்பட்ட வேளையில் திண்ணையில் அமர்ந்து வாப்பா கதை சொல்வார். அவற்றுள் ஒன்றை நாங்கள் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்குவோம்.

அது நான் பிறப்பதற்கு முன் நிகழ்ந்தது. அரபிக்கடலின் நடுவில் கப்பல் சென்றுகொண்டிருந்தது. கரை சேர மூன்று நாள் பயணம் எஞ்சியிருந்தது. உடன் பணிபுரிந்த தமிழ்க் கலாசி ஒருவர்க்கு நள்ளிரவில் பொறுக்கவியலாத வயிற்றுவலி. சரக்குக் கப்பலில் மருத்துவர் இல்லை. மருந்துப்பெட்டி ஒன்று மட்டும் ஓர் அதிகாரியின் பொறுப்பில் இருந்தது. கம்பியில்லாத் தந்தியை இயக்கும் அதிகாரியை எழுப்பினர். கப்பலில் அவரை ‘மார்க்கோனி சாப்’ என்றே அழைப்பார்களாம். அவர் கரையிலிருந்த மருத்துவர்க்குச் செய்தி அனுப்பினார். கரையிலிருந்து வினாக்கள் வந்தன. காய்ச்சல் எவ்வளவு? வாந்தி உண்டா? வலி முதலில் எங்கே தொடங்கிற்று, இப்போது எங்கே நிற்கிறது? நோயாளியோ தமிழன்றி வேறு மொழி அறியாதவர். அதிகாரிகளோ தமிழ் அறியாதவர்கள். வாப்பாவே இடைநின்று கேட்டுச் சொன்னார். அடுத்து வந்த செய்தி, அடிவயிற்றின் வலப்பக்கத்தை மெல்ல அழுத்திப் பின் சட்டெனக் கையை எடுக்குமாறு பணித்தது. அழுத்தும்போது வலி மிகுதியா, எடுக்கும்போது மிகுதியா என்பது வினா. ரொட்டிக்கு மாவு பிசைந்த கையைக் கழுவிவிட்டு வாப்பா அழுத்தினார். கையை எடுத்தபோதுதான் அம்மனிதர் அலறினார். குடல்வால் அழற்சி என ஐயுற்ற மருத்துவர், உணவை அறவே நிறுத்தச் சொல்லி, பெட்டியில் இருந்த மருந்துகளுள் கொடுக்கத் தக்கதைக் குறித்து, அருகிலுள்ள துறைமுகத்திற்குக் கப்பலைத் திருப்புமாறு அறிவுறுத்தினார். கலாசி உயிர் பிழைத்தார். பல ஆண்டுகளுக்குப் பின் என் மூத்த ராத்தாவின் திருமணத்திற்கு அவர் குடும்பத்துடன் வந்து, வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அமர்ந்திருந்ததை நானே கண்டேன்.

“டாக்டருக்குக் காது இருந்துச்சு, அறிவு இருந்துச்சு, கைதான் அங்கே இல்லை. அன்னைக்கு என் கையை இரவல் வாங்கிக்கிட்டார்” என்று சொல்லி வாப்பா கதையை முடிப்பார்.

நீண்ட வரலாறு

வாப்பாவின் கதை தனித்த நிகழ்ச்சியன்று என்பதைப் பின்னாளில் படித்தறிந்தேன். கடலில் நோயுறுவோர்க்கு வானொலி வழியே இலவச மருத்துவ ஆலோசனை வழங்கும் மையம் ஒன்று 1935இல் உரோமாபுரியில் நிறுவப்பெற்றது. கம்பியில்லாத் தந்தியின் தந்தையெனப் போற்றப்படும் மார்க்கோனியே அதன் முதல் தலைவர். அதற்கும் 30 ஆண்டுகள் முன்னரே, 1905இல், நெதர்லாந்து நாட்டு லெய்டன் நகரில் வில்லெம் ஐந்தோவன் என்னும் அறிஞர், மருத்துவமனையில் படுத்திருந்த நோயாளியின் இதயத் துடிப்பை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவிலிருந்த தம் ஆய்வகத்திற்குத் தொலைபேசிக் கம்பி வழியே வருவித்துப் பதிவு செய்தார். இதய மின்வரைவுக்காக 1924இல் நோபல் பரிசு பெற்றவர் இவரே.

ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில் வாழும் மக்கள் மருத்துவரிடமிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் இருப்பவர்கள். அவர்களுக்காக 1928இல் பறக்கும் மருத்துவர் சேவை தொடங்கப்பெற்றது. அடுத்த ஆண்டில், மின்சாரம் இல்லாத பண்ணைவீடுகளிலும் காலால் மிதித்து இயக்கக்கூடிய வானொலிக் கருவி வந்தது. மருத்துவரின் குரல் வீட்டிற்குள் வந்துவிட்டது, ஆனால் மருந்து? 1942 முதல் அவ்வீடுகளுக்கு எண்ணிட்ட மருந்துகள் அடங்கிய பெட்டிகள் வழங்கப்பெற்றன. மருந்தின் பெயரைச் சரியாகக் கேட்கவோ படிக்கவோ இயலாதவர்க்கும், இன்ன எண்ணுள்ள மருந்தை எடுத்துக் கொடு என்று மருத்துவர் வானொலியில் சொன்னால் போதும். நாற்கூறுகளுள் மருத்துவனை மட்டும் தொலைவில் நிறுத்தி, மற்றை மூன்றையும் ஓரிடத்தில் கூட்டிய ஏற்பாடு இது என நான் கருதுகிறேன்.

நம் நாட்டிலும் இம்முயற்சி புதியதன்று. ஆந்திர மாநிலத்துச் சித்தூர் மாவட்டத்தில் அரகொண்டா என்னும் சிற்றூர் மருத்துவமனையில் 2000ஆம் ஆண்டு மார்ச் மாதம் தொலைமருத்துவ மையம் தொடங்கப்பெற்றது. அப்போது இந்தியாவிற்கு வந்திருந்த அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பில் கிளிண்டன் அதனைத் தொடங்கிவைத்தார். 2001 முதல் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள் வழியே தொலைதூர மருத்துவமனைகளைப் பெருநகர மருத்துவமனைகளோடு இணைக்கலாயிற்று. அந்தமான், இலட்சத்தீவு போன்ற கடல்சூழ் நிலப்பகுதிகளும் அவ்விணைப்பில் இடம்பெற்றன. 2020 மார்ச் 25ஆம் நாள் தொலைமருத்துவத்திற்கான நெறிமுறைகளை நடுவண் அரசு வெளியிட்டது. நோயாளி நேரே மருத்துவரிடம் பேசுவதும், சுகாதாரப் பணியாளர் ஒருவர் இடைநின்று பேச வைப்பதும் அதில் தனித்தனியே வகுத்துரைக்கப்பட்டன. நேரில் ஆராய்ந்தால்தான் ஆகும் என மருத்துவர் கருதினால் நேரில் வருமாறு பணிக்கவேண்டும் என்பதும் அந்நெறிமுறைகளின் கருத்து. நடுவண் அரசின் ‘இ-சஞ்சீவனி’ சேவை வழி நிகழ்ந்த ஆலோசனைகள் 2023 பிப்ரவரியில் 10 கோடியைக் கடந்தன.

இந்த எண்ணிக்கையைக் கண்டு மகிழாதவர் இரார். மருத்துவமனைக்குச் செல்லுதல் என்றால் என்ன என்பதை எங்கள் ஊர்ப் பெண்களைக் கேட்டால் தெரியும். ஆரம்ப சுகாதார நிலையம் 9 கிலோமீட்டர் தொலைவு. சிறப்பு மருத்துவரைக் காண வேண்டுமாயின் 40 கிலோமீட்டர். காலைப் பேருந்தைத் தவறவிட்டால் நண்பகல் வரை வேறு பேருந்து இல்லை. துணைக்கு வரும் ஆணுக்கு அன்றைய கடல்தொழில் இல்லை, கூலி இல்லை. வரிசையில் நின்று, மருத்துவரை மூன்று நிமிடம் பார்த்து, வீடு திரும்புகையில் விளக்கேற்றும் நேரமாகிவிடும். இவ்வாறு ஒருநாளைச் செலவிட மனமின்றி, ‘அடுத்த வாரம் பார்த்துக்கொள்வோம்’ என்று நோயை வளர்த்தவர்கள் எத்தனை பேர்! அவர்கள் வாசலுக்கே மருத்துவரின் குரல் வருமாயின் அது பெரும்பேறு அன்றோ? இந்நம்பிக்கையோடுதான் நானும் 2020இல் என் உம்மாவிற்கு அவ்வழியை நாடினேன்.

திரையில் தெரிந்த முகம்

உம்மாவிற்கு அப்போது வயது 71. நீண்டகாலச் சர்க்கரை நோய். வாப்பா மறைந்தபின்னும் ஊரைவிட்டு வர மறுத்துத் தனியே இருந்தார். காலையும் மாலையும் வீட்டுவேலைக்கு ஒரு பெண் வந்து போவார். மாதம் ஒருமுறை நான் சென்று மருத்துவரிடம் அழைத்துச் செல்வது வழக்கம். பெருந்தொற்றுக் காலத்தில் பேருந்து நின்றது. மாவட்டம் விட்டு மாவட்டம் செல்ல அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது. ஆகவே, கைப்பேசிச் செயலி ஒன்றின் வழியே மருத்துவர் ஒருவரிடம் நேரம் பதிவு செய்தேன். அடுத்த வீட்டுக் கல்லூரி மாணவன் தன் கைப்பேசியைக் கொண்டுவந்து, உம்மாவின் முன் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்தான். பெரியவர்கள் பேசுமிடத்தில் நிற்பது முறையன்று என வெளியே சென்றுவிட்டான். நான் இங்கிருந்தே இணைப்பில் இருந்தேன்.

உம்மா அன்று பெருநாளைக்கு உடுத்தும் சேலையை உடுத்தியிருந்தார். முந்தானையால் தலையை மூடி, விருந்தினர் முன் அமர்வதைப் போல் நிமிர்ந்து அமர்ந்திருந்தார். மருத்துவர் இளைஞர், பண்புடையவர். சர்க்கரை அளவைக் கேட்டார். உண்ணும் மாத்திரைகளைக் கேட்டார். இடையிடையே ஒலி விட்டுவிட்டு வந்தது. உம்மா எல்லாவற்றிற்கும் “அல்ஹம்துலில்லாஹ், நல்லா இருக்கேன் தம்பி” என்றே விடையிறுத்தார். “கால்ல மதமதப்பு மாதிரி இருக்கு” என்று ஒருமுறை சொன்னார். “வலி இருக்கா அம்மா?” என்று மருத்துவர் கேட்டார். “வலி ஒண்ணும் இல்லை” என்றார் உம்மா. மாத்திரையின் அளவைச் சற்றே கூட்டி எழுதி, ஒரு திங்களுக்குப் பின் மீண்டும் பேசலாம் என்று அவர் விடைபெற்றார். பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. பயணமில்லை, வரிசையில்லை. மகளின் கடமையைச் செவ்வனே ஆற்றிவிட்ட நிறைவோடு நான் அன்றிரவு உறங்கினேன்.

உம்மா பொய் சொல்லவில்லை. வலி இல்லை என்பது உண்மை. அவ்வுண்மையே நோய் என்பதுதான் எனக்குத் தெரியாமற் போயிற்று. சர்க்கரை நோய் நாட்பட்டவர்க்குப் பாதத்தின் நரம்புகள் உணர்ச்சி குன்றிவிடும். குத்தியது தெரியாது, சுட்டது தெரியாது, புண்பட்டது தெரியாது. கொல்லையில் விறகு எடுக்கச் சென்றபோது சீமைக்கருவேல முள் ஒன்று உம்மாவின் சிறுவிரலின் கீழ் ஏறி ஒடிந்திருக்கிறது. அதை அவர் அறியவே இல்லை. திரையில் முகம் இருந்தது. முகத்தில் புன்னகை இருந்தது. கால் அதில் இல்லை. திரைக்குக் காட்டப்பெற்றதைத்தான் திரை காணும். காட்டுவதற்கு அங்கே ஒருவரும் இல்லை.

பன்னிரண்டு நாட்கள் கழிந்தன. காய்ச்சல் கணக்கெடுப்பிற்காக வீடுவீடாக வந்துகொண்டிருந்த கிராம சுகாதாரச் செவிலியர் எங்கள் வீட்டு வாசலிலும் நின்றிருக்கிறார். வெப்பமானியைக் காட்டிவிட்டு அடுத்த வீட்டிற்குச் சென்றிருக்கலாம். அன்று அவர் பார்க்கவேண்டிய வீடுகள் பல. ஆனால் உம்மா உள்ளே திரும்பி நடந்ததைப் பார்த்த அவர், “அம்மா, ஏன் குதிகாலை ஊன்றி நடக்குறீங்க?” என்று கேட்டிருக்கிறார். ஒன்றுமில்லை என்று உம்மா மறுத்திருக்கிறார். செவிலியர் வாசற்படியில் அமர்ந்து, உம்மாவின் பாதத்தைத் தம் மடியில் எடுத்து வைத்துப் பார்த்திருக்கிறார். சிறுவிரல் கறுத்திருந்தது. விரலிடுக்கில் சீழ். உம்மா இன்றும் வியந்து சொல்வது அக்காட்சியைத்தான்: “பெத்த பிள்ளை மாதிரி காலை மடியில வெச்சுக்கிட்டாம்மா அந்தப் புள்ள.”

அவர் தம் கைப்பேசியில் பாதத்தைப் படமெடுத்து ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்க்கு அனுப்பினார். உடனே விடை வந்தது. 108 ஊர்தி வரவழைக்கப்பட்டது. அன்று மாலையே உம்மா அரசு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அவசர அனுமதிச் சீட்டுப் பெற்று மறுநாள் காலை நான் சென்றடைந்தபோது அறுவை முடிந்திருந்தது. விரல் போயிற்று, கால் நின்றது. இன்னும் ஒரு வாரம் கழிந்திருந்தால் கணுக்காலுக்கு மேல் எடுக்க நேர்ந்திருக்கும் என்றார் அறுவை மருத்துவர்.

ஓர் உண்மையை இங்கே மறைத்தலாகாது. உம்மாவின் காலைக் காத்ததும் தொலைமருத்துவமே. முதல் முறையும் ஒரு கைப்பேசி. இரண்டாம் முறையும் ஒரு கைப்பேசி. முதல் முறை இணைப்பின் மறுமுனையில் சர்க்கரை நோய்ச் சிறப்பு மருத்துவர் இருந்தார். இரண்டாம் முறை பொது மருத்துவரே இருந்தார். முதல் முறை காணொலி. இரண்டாம் முறை ஒரே ஒரு நிழற்படம். கருவியின் உயர்வு தாழ்வு அன்று, மருத்துவரின் புலமையும் அன்று, இரண்டையும் வேறுபடுத்தியது. இரண்டாம் முறை உம்மாவின் உழை ஒருவர் இருந்தார். அவ்வளவே. அன்றிரவு மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அமர்ந்திருந்தபோதுதான் 950ஆம் குறளின் நான்காம் கூறு என் நெஞ்சில் தைத்தது.

உடனிருப்போரை ஆக்கிய முயற்சிகள்

இவ்வுண்மையை எனக்கு முன்னரே உணர்ந்து செயற்பட்டோர் நம் நாட்டிலேயே உள்ளனர். மதுரையில் மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 2004 முதல் சிற்றூர்ப் பகுதிகளில் பார்வை மையங்களை அமைத்து வருகிறது. தேனி மாவட்டத்தில், கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களின் துணையோடு, நெடுந்தொலைவு செல்லும் வை-ஃபை அலை இணைப்பு அம்மையங்களுக்கு ஏற்படுத்தப்பட்டது. இன்று இத்தகைய மையங்கள் நூற்றுக்கும் மேற்பட்டவை. அங்கே கண் மருத்துவர் இருப்பதில்லை. பயிற்சி பெற்ற பணியாளர் இருக்கிறார். பெரும்பாலும் அவர் சிற்றூரில் பிறந்து வளர்ந்த பெண். அவர் நோயாளியின் கண்ணை ஆராய்கிறார். கருவியில் கண்ட படத்தை அனுப்புகிறார். அதன்பின் தலைமை மருத்துவமனையிலிருக்கும் மருத்துவர் திரையில் தோன்றி நோயாளியோடு பேசுகிறார். கண்ணாடி வேண்டுவோர்க்குக் கண்ணாடி; அறுவை வேண்டுவோர்க்கு மருத்துவமனைக்கு வழி. தொழில்நுட்பத்தைப் புகழ்ந்து எழுதுவோர் அலைக்கோபுரத்தைப் புகழ்வர். நான் புகழ விரும்புவது அம்மையத்தில் அமர்ந்திருக்கும் அப்பெண்ணை.

‘இ-சஞ்சீவனி’யிலும் இரு வழிகள் உண்டு. வீட்டிலிருந்தே நோயாளி மருத்துவரிடம் பேசுவது ஒன்று. அருகிலுள்ள நலவாழ்வு மையத்திற்குச் சென்று, அங்குள்ள பணியாளர் உடனிருக்க மருத்துவரிடம் பேசுவது மற்றொன்று. நிகழ்ந்த ஆலோசனைகளில் பெரும்பகுதி இரண்டாம் வழியில் நிகழ்ந்தவை என்பது நோக்கத்தக்கது. மக்கள் தாமே கண்டுகொண்ட வழி அது எனலாம்.

தமிழக அரசு 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தைத் தொடங்கியது. சர்க்கரை நோய், இரத்தக் கொதிப்பு உடையோர்க்கு வீட்டிற்கே சென்று மருந்து வழங்குவதும், படுத்த படுக்கையாய் இருப்போர்க்கு வலிநீக்கு மருத்துவமும் இயன்முறை மருத்துவமும் அளிப்பதும் அதன் பணிகள். அதில் பெண் தன்னார்வலர்கள் வீடுதோறும் செல்கின்றனர். ஆஸ்திரேலியப் பண்ணைவீட்டில் எண்ணிட்ட பெட்டி செய்த பணியையும், அரபிக்கடலில் என் வாப்பாவின் கை செய்த பணியையும் இவர்கள் ஒருங்கே செய்கின்றனர் என்பேன். இத்தகையோரின் கையில் மருத்துவரோடு பேசும் கருவியும், அதனைப் பயன்படுத்தும் பயிற்சியும், அவர்தம் உழைப்பிற்கேற்ற ஊதியமும் சேருமாயின், மருத்துவர் இல்லாத ஊர் என்று ஓர் ஊர் இராது.

மாறாக, செயலியை மட்டும் கொடுத்துவிட்டு, ‘மருத்துவம் உன் கைக்கே வந்துவிட்டது’ என்று சொல்லிச் சிற்றூரைக் கைவிடுவோமாயின், இருக்கும் மருத்துவமனையையும் தொலைவாக்கியவர்களாவோம். கண் மங்கியவர்க்குத் திரை எதற்கு? எழுத்தறியாதவர்க்குச் செயலி எதற்கு? கைப்பேசி வீட்டு ஆண்மகனின் சட்டைப்பையில் இருக்க, வீட்டுப் பெண்ணின் நோய் யாரிடம் சொல்லப்படும்? இவ்வினாக்களுக்கு விடை கருவியில் இல்லை. கருவியை ஏந்தி நிற்கும் மனிதரிடத்தில் இருக்கிறது.

நோயின் மொழி

தமிழ்த்துறை மலரில் மருத்துவத்தைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் எண்ணலாம். உம்மா சொன்ன ‘மதமதப்பு’ என்னும் சொல்லை எண்ணிப் பாருங்கள். அவர் தம் நோயைச் சொல்லத்தான் செய்தார், தமிழில் சொன்னார், சரியான சொல்லாலேயே சொன்னார். அச்சொல் அன்று விட்டுவிட்டு வந்த ஒலியில் கரைந்தது. அடுத்து வந்த ‘வலி’ என்னும் வினாவில் மறைந்தது. நம் மக்கள் நோயைச் சொல்லும் சொற்கள் எண்ணிறந்தவை. கிறுகிறுப்பு வேறு, மயக்கம் வேறு. குத்தல் வேறு, குடைச்சல் வேறு, கடுப்பு வேறு, எரிச்சல் வேறு. நெஞ்சு கரித்தல் வேறு, நெஞ்சு அடைத்தல் வேறு. பின்னதைச் சொன்னவரை ஒரு நொடியும் காக்க வைத்தலாகாது. நேரில் பார்க்கும் மருத்துவர்க்கு நோயாளியின் முகமும் நடையும் சொல்லுக்குத் துணை நிற்கும். தொலைவிலிருக்கும் மருத்துவர்க்குச் சொல்லே பெருந்துணை. ஆகவே, தொலைமருத்துவம் வளர வளர மொழியின் பொறுப்பும் வளர்கிறது. மாவட்டந்தோறும் வழங்கும் நோய்ச்சொற்களைத் தொகுத்துப் பொருள் விளக்கித் தருவார் இன்றியமையாதவர். வட்டார வழக்கு அகராதிப் பணியை ஆய்வேடாக எடுக்க விழையும் எம் மாணவர்க்கு இதனைவிடப் பயனுள்ள பொருள் வேறு உண்டோ? அன்று கப்பலில் ஓர் உயிரைக் காத்ததில் வாப்பாவின் கைக்குப் பாதிப் பங்கு என்றால், அவர்தம் தமிழுக்கு மறுபாதி உண்டு.

நிறைவாக

நோயாளியைச் சென்று காண்பது எங்கள் குடும்பத்தில் சிறுவயது முதல் கற்பிக்கப்பெற்ற கடமை. சென்று பார்த்து, பக்கத்தில் அமர்ந்து, நலம் கேட்டு, அவர்க்காக இறைஞ்சி வருதல் வேண்டும் என்பார் உம்மா. தொலைவிலிருந்து நலம் கேட்டல் எளிதாகிவிட்ட இக்காலத்தில் பக்கத்தில் அமர்தல் என்னும் பகுதி மட்டும் எங்கோ விடுபட்டுவிட்டது. அதனை விட்டவர்களுள் நானும் ஒருத்தி என்பதை நாணத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

மாணவச் செல்வங்களே! உங்களுள் பெரும்பாலோர் சிற்றூர்களிலிருந்து வருபவர்கள். விடுமுறைக்கு ஊருக்குச் செல்வீர்கள். உங்கள் தெருவில் மகனும் மகளும் வெளியூரில் இருக்கத் தனித்து வாழும் முதியவர் ஒருவரேனும் இருப்பார். அவர் மருத்துவரோடு பேசவேண்டிய நாளில் உங்கள் கைப்பேசியைச் செம்பில் சாய்த்து வைத்துவிட்டு வெளியே சென்றுவிடாதீர்கள். அருகில் அமருங்கள். அவர் சொல்ல மறந்ததைச் சொல்லுங்கள். சொல்ல நாணுவதை அவரது இசைவோடு எடுத்துரையுங்கள். மருத்துவர் ‘அழுத்திப் பார்’ என்றால் உங்கள் கையை இரவல் கொடுங்கள். பட்டமோ பதவியோ இதற்கு வேண்டுவதில்லை. மருத்துவத்தின் நான்கில் ஒரு பங்கு அன்று உங்களுடையதாகும்.

உம்மா இப்போதும் ஊரில்தான் இருக்கிறார். தன்னார்வலப் பெண் மாத்திரை கொண்டு வந்து தருகிறார். மாதம் ஒருமுறை நான் நேரில் செல்கிறேன். எக்காரணத்தாலும் அதனைத் தவறவிடுவதில்லை. இடைப்பட்ட நாட்களில் காணொலியில் பேசுவோம். அழைப்பை ஏற்றவுடன் உம்மா முகத்தைக் காட்டுவதில்லை. அடுத்த வீட்டுப் பிள்ளையிடம் கைப்பேசியைக் கொடுத்து, நான்கு விரல்கள் உள்ள அந்தப் பாதத்தை முதலில் காட்டச் சொல்கிறார். மேலும் கீழும் திருப்பிக் காட்டியபின்தான் சிரித்துக்கொண்டே முகம் வருகிறது.

“பார்த்துட்டியா? சரி, இப்ப சொல்லு, நீ சாப்பிட்டியா?”